ஐரிஸ் சீட்டின் கடைசி எழுத்து

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இங்கே கனடாவில், வெக்ஸ்போர்ட் பக்கத்து நூலகக் கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது பவானி. வங்கியில் வேலை செய்கிறவர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஸ்ரௌவ்விலில் புது வீடு வாங்கிய கையோடு தமிழர்களுக்கென்று ஒரு தோட்டக் குழு தொடங்கி நடத்துகிறார்.

"அங்கிள், நீங்கள் இருபத்தேழு வருசம் ஐரிஸ் பண்ணையில வேலை செய்தனீங்களாம். இப்ப வாற புது வகையளுக்குள்ள பெஸ்ற் எண்டு ஒரு அஞ்சு சொல்லுங்கோ. ஜஸ்ற் பத்து நிமிசம் காணும்," என்றார்.

பத்து நிமிடம். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஓம் என்றேன். எதற்கும் முதலில் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு வீட்டில் இருந்து புழுங்குவது என் சுபாவம்.

பேசினேன். ஐந்து பெயர் சொன்னேன். கைதட்டினார்கள், பற்றிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள். திரும்பி வரும்போது காருக்குள் என் மனைவி ஸ்டெல்லா ஒரு கேள்வி கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது குழுவின் ஆண்டு மலருக்கு அந்தப் பேச்சை எழுதித் தரச் சொல்லிப் பவானி கேட்டிருக்கிறார். பேச்சை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பேச்சில் சொல்லாமல் விட்டதுதான் கைக்கு வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாடி ஐரிஸ் என்பது ஆனி மாதத்தில் இந்த ஊர் வீடுகளின் முன்பக்கத்தில் நீங்கள் பார்க்கிற பூதான். மூன்று இதழ் மேலே நிற்கும், மூன்று இதழ் கீழே தொங்கும். தொங்குகிற இதழின் நடுவில் மயிர்க்கொட்டி படுத்திருக்கிற மாதிரி ஒரு கோடு இருக்கும். அதுதான் தாடி. அடியில் இஞ்சியைப் போல ஒரு கிழங்கு.

இஞ்சியைப் போல இருந்ததுதான் என் முதல் பிழைக்குக் காரணம். முப்பத்துநாலு வயதில் ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே இருந்த அந்தப் பண்ணையில் வேலைக்குப் போனேன். வெக்ஸ்போர்டிலிருந்து நாங்கள் நாலு தமிழர் ஒரு காரில் போவோம். மன்னாரில் கந்தோரில் கிளாக்காக இருந்த எனக்கு மண்வேலை தெரியாது, ஆனால் கிழங்கு நடத் தெரியாதா என்ற எண்ணம். எனக்குத் தந்த நாலு வரிசையையும் ஒரு சாண் ஆழத்தில் நட்டேன். மேலே நன்றாக மண் போட்டு மூடினேன். காலையும் மாலையும் தண்ணீரும் விட்டேன். இரண்டு கிழமைக்குள் முழுதும் அழுகி, கிட்டப் போக முடியாத நாற்றம்.

அப்போதுதான் டொரத்தியை முதன்முதலாகக் கிட்டப் பார்த்தேன். பண்ணையின் தலைமைத் தோட்டக்காரி. ஐம்பத்தைந்து வயது, ஆம்பிளைச் சப்பாத்து, பின்னால் ரஸ்ரி என்ற ஒரு மண்ணிற நாய். அந்த மனுசி சத்தம் போடவில்லை. முழங்காலில் நின்று இரண்டு விரலால் மண்ணை வழித்து, ஒரு கிழங்கின் முதுகு வெளியே தெரியும் மட்டும் வழித்து, "இதற்கு முதுகில் வெயில் படவேண்டும்," என்றார். பிறகு எனக்கு ஒரு வாளியும் கத்தியும் தந்தார். நாலு வரிசையையும் கிளறி எடுத்து, அழுகலை வெட்டி, வெயிலில் காயவைத்து, திரும்ப நட்டோம். இரண்டு வரிசை நான், இரண்டு வரிசை அவர். ஒரு நாள் முழுதும் எடுத்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நல்ல குணத்தையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். கெட்ட மனுசியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரியாது.

இரண்டு வருடம் கிழங்கு கிண்டினேன், கழுவினேன், இலை வெட்டினேன். மூன்றாம் வருடம் என்னைச் சோதனைப் பாத்திக்கு எடுத்தார். கிண்டுகிற கூட்டத்திலிருந்து யாரும் அங்கே போனதில்லை. வெக்ஸ்போர்ட் கார்க்காரர்கள் மூன்று பேரும் என்னை "பெரியவர்" என்று பகிடி பண்ணத் தொடங்கினார்கள்.

புது வகைகளைத் தெரிவு செய்கிற இடம் அதுதான். வருடத்துக்கு ஒரு இருநூறு வகை வரும். அமெரிக்காவிலிருந்துதான் கூடுதலாக வரும். ஒவ்வொன்றிலும் மூன்று கிழங்கு. அவற்றைப் பின் வயலில் நட்டு மூன்று குளிர்காலம் விடவேண்டும். மூடக்கூடாது, செல்லம் கொடுக்கக்கூடாது. மூன்று குளிர் தாங்காத எதுவும் பண்ணையின் விற்பனைக் கற்றலொக்கில் வராது. விற்க வருகிறவன் கண்ணைப் பறிக்கிற பெரிய படங்களோடு வருவான். டொரத்தி தன் தேத்தண்ணிக் கோப்பையை அந்தப் படத்தின் மேல் வைப்பார்.

சித்திரையில் பனி உருகினதும் முதல் சுற்று. எது கிளம்பி வெளியே வந்து கிடக்கிறது, எது சதசதவென்று ஆகிவிட்டது என்று பார்ப்போம். வைகாசியில் இலை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து இலையை அடியிலிருந்து நுனிவரை உருவவேண்டும். உள்ளே துளைப்பான் புழு இருந்தால் விரலுக்குத் தெரியும், அப்படியே நசித்துவிடலாம். ஆனியில் பூக்கும்போது பாத்தியின் பின்பக்கமாகத்தான் போகவேண்டும். பூவின் முகத்தைப் பார்க்கக்கூடாது. முதலில் தண்டில் எத்தனை கிளை, பிறகு எத்தனை மொட்டு என்று எண்ணவேண்டும். ஏழுக்குக் குறைந்தால் தள்ளு. ஒரு பூ மூன்று நாள்தான் நிற்கும், மொட்டுக் குறைந்தால் ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். இடிமழை பெய்தால் மறுநாள் காலை கட்டாயம் போய், எது விழுந்து கிடக்கிறது என்று எழுதவேண்டும். ஆவணியில் மறுபடி இலை. எல்லாம் முடிந்த பிறகுதான் பூ.

"பூவை எல்லாரும் பார்ப்பார்கள். நீ மற்றதைப் பார்," என்பார்.

பிடிக்காத செடியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். பிடுங்கி நடைபாதையில் எறிந்துவிட்டு அடுத்ததுக்குப் போவார். பிடித்தால் "பரவாயில்லை" என்பார். அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இருநூறில் ஐந்தோ ஆறோதான் அந்தச் சொல் வாங்கும்.

நீங்கள் கடையில் வாங்கப் போகும்போதும் இதைத்தான் பார்க்கவேண்டும். இப்போது வருகிற புது வகைகளில் இதழ் சுருக்கமும் மடிப்பும் நிறைய. படத்தில் கலியாணப் பெண் மாதிரி இருக்கும், ஒரு மழைக்குத் தண்டோடு சரியும். மேற்குக் கரையின் மெல்லிய குளிரில் வளர்ந்தவை எங்கள் தை மாசியைத் தாங்காது. இலையுதிர்காலத்திலும் இன்னொரு தடவை பூக்கும் என்று எழுதியிருப்பதை நம்பிக் கூடக் காசு கொடுக்காதீர்கள். மொட்டு வரும், அது விரிய முன்னமே உறைபனி வந்துவிடும். போனில் படம் பார்த்து விருப்பம் போடுகிறவர்கள்தான் இப்போது எது சிறந்தது என்று தீர்மானிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தராவது ஒரு செடியைப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

சோதனைக்கு வருகிறவற்றைத் தவிர, பண்ணையிலேயே புது வகை உண்டாக்குகிற வேலையும் இருந்தது. அதை டொரத்தி மட்டும்தான் செய்வார். ஆறாம் வருடத்திலிருந்து நானும். ஆனி மாதம் காலையில், தேனீ வர முன்னம் செய்யவேண்டும். ஒரு பூவிலிருந்து மகரந்தக் காம்பைச் சாவணம் என்கிற சின்ன இடுக்கியால் பிடுங்கி இன்னொரு பூவின் உள் உதட்டில் தடவவேண்டும். தடவின பூவின் தொங்கும் இதழ்களைக் கிழித்துவிடவேண்டும், அப்போதுதான் தேனீக்கு வந்து இருக்க இடம் இராது. பிறகு ஒரு சின்னச் சீட்டை நூலில் கட்டித் தொங்கவிடவேண்டும். சீட்டில் தாய்ச்செடி, தந்தைச்செடி, திகதி. கடைசியில், தடவின ஆளின் பெயரில் முதல் எழுத்து. பென்சிலால் மட்டும்தான். பேனை மழைக்குக் கரைந்துவிடும், பென்சில் கரையாது.

முதல் நாள் டொரத்தி எனக்கு ஒரு பென்சிலைத் தந்து, "கடைசியில் எழுத்தை மறக்காதே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் டொரத்தியின் எழுத்தைப் போட்டேன்.

சிரிக்காதீர்கள். மன்னார்க் கந்தோரில் எட்டு வருடம் நான் செய்த வேலை அதுதான். கடிதத்தை யோசித்து எழுதுவது நான், அடியில் கையெழுத்து மேலதிகாரி ஐயாவுடையது. கிளாக்கின் பெயர் எந்தக் கடிதத்திலும் வராது. வந்தால் அது மரியாதைக் குறைவு, தலைக்கனம். அவர் தந்த பென்சில், அவருடைய பாத்தி, அவர் பழக்கின கை. அதில் என் எழுத்தைப் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவரும் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

அந்தக் கிழமையே டொரத்தி அந்தச் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு சீட்டை விட்டுவிட்டு, "பரவாயில்லை," என்றார். நான் அன்று வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் பெருமையாகச் சொன்னேன், மனுசி என் வேலையைப் புகழ்ந்ததாம்.

எட்டாம் வருடம் டொரத்திக்கு முழங்காலில் ஒப்பரேசன். பூக்கிற நேரத்தில் இரண்டு கிழமை வீட்டில் படுத்துவிட்டார். பாத்தி முழுதும் என் பொறுப்பு. பண்ணை வாசலோரம் ஒரு பழைய செம்பு நிற ஐரிஸ் இருந்தது. அதன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. லொறி ஏறினாலும் சாகாது, ஆனால் நாலு மொட்டுத்தான் வைக்கும். சோதனைப் பாத்தியில் மேற்கிலிருந்து வந்த ஒரு பெரிய அப்ரிகொட் நிறப் பூ இருந்தது. நிறைய மொட்டு, நல்ல உருவம், ஆனால் கடுங்குளிர் வந்தால் செத்துப்போகும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. டொரத்தி அந்த வாசல் செடியைச் செடி என்றே கணக்கெடுப்பதில்லை. அவர் அன்று அங்கே இருந்திருந்தால் என்னை விட்டிருக்கமாட்டார். தடவினேன், சீட்டைக் கட்டினேன், பழக்கதோசத்தில் அவருடைய எழுத்தையே போட்டேன்.

பத்தொன்பது நாற்று வந்தது. மூன்றாம் ஆனியில் பூத்தன. பதினெட்டும் சேற்று நிறம். ஒன்று மட்டும் பனங்கட்டி நிறம், பனைவெல்லப் பழுப்பு. மேல் இதழ் கொஞ்சம் வெளிறி, கீழ் இதழ் நல்ல பாகு நிறம், தாடி கத்தரிப்பூ ஊதா. நான் விதியை மீறி அதன் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

டொரத்தி பின்பக்கமாக வந்தார். எண்ணினார். ஒன்பது மொட்டு. அடுத்த கிழமை ஒரு பெரிய இடிமழை. காலையில் பாத்தியில் பாதி மண்ணோடு மண். இது கம்பு மாதிரி நின்றது. மூன்றாம் குளிர்காலம் பனி விழாமல் வெறும் குளிராக வந்து தரையை வெடிக்க வைத்தது. அந்த வருடம் பின் வயலில் எழுபது வகை செத்தது. இது அசையவில்லை. டொரத்தி "பரவாயில்லை" என்றார். பிறகு இன்னொரு தடவையும் சொன்னார்.

அன்றுதான் நான் வாய் திறந்தேன். "இது விற்பனைக்குப் போனால், என் மனைவியின் பெயரை வைக்க விருப்பம். ஸ்டெல்லா."

"நல்ல பெயர்," என்றார் டொரத்தி. நாயைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்.

எனக்கு அது போதும். எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் நல்ல பெயர் என்றால் காரியம் முடிந்த மாதிரி. இந்த ஊரில் நல்ல பெயர் என்றால் நல்ல பெயர் என்றுதான் அர்த்தம் என்பது எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லாவுக்கு அந்தப் பெயர் ஏன் வேண்டும் என்றும் சொல்லவேண்டும். பண்ணையில் மார்கழி முதல் பங்குனி வரை வேலை இல்லை. அந்த நாலு மாதமும் வீட்டைத் தூக்கினது அவள். பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி அடுக்குகிற வேலை. வெக்ஸ்போர்டிலிருந்து வான் வண்டியில் போய் வருவாள், போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். இடுப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டு இருபது வருடம் போனாள். வேறு நல்ல வேலை பாருங்கோ என்று ஒரு நாளும் என்னைக் கரைச்சல் படுத்தவில்லை. கைக்கு மோதிரம் வாங்கிக் கொடுக்கவும் வக்கில்லாமல் இருந்த நான், இதையாவது கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிய அவளைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குக் கட்டின சீலையோடு பாத்திக்குள் குனிந்து பார்த்தாள்.

"உதுக்கோ என்ரை பேர்? பனங்கட்டி நிறம்."

"ஏன், பிடிக்கேல்லையோ?"

"ஆர் பிடிக்கேல்லை எண்டது? என்ரை நிறம்தானே. வெள்ளையா ஒண்டைக் காட்டியிருந்தீங்களெண்டா பொய்யெண்டு நினைச்சிருப்பன்." இன்னும் குனிந்து, "எல்லாரும் வாங்குவினமோ?" என்று கேட்டாள்.

"கனடா முழுக்கப் போகும்."

அவள் கைக்குட்டையால் அந்த இதழில் இருந்த மண்ணைத் துடைத்தாள். அன்று முதல் கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். "ஸ்டெல்லா அக்கா, உங்கட பூ எப்ப வருது?" என்று பெண்கள் கேட்பார்கள். கிழங்கு பெருக்க இரண்டு வருடம் எடுக்கும் என்று என்னை விடத் தெளிவாக அவள் விளக்கம் சொல்லுவாள்.

இரண்டாம் வருடம் இலையுதிர்காலத்தில் டொரத்தியின் நாய் செத்தது. மனுசி ஒரு கிழமை வேலைக்கு வரவில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து கார்ட் வாங்கிக் கொடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் கற்றலொக் வந்தது. அதைத் தபாலுக்கு உறையில் போடுகிற வேலைக்கு எங்களை இரண்டு நாள் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டு அறை மேசையில் அடுக்கி வைத்திருந்தது. முதல் பக்கத்திலேயே அந்தப் பூ. பனங்கட்டி நிறம், ஊதாத் தாடி. மேலே பெரிய எழுத்தில் பெயர்: ரஸ்ரி. கீழே சின்ன எழுத்தில், உண்டாக்கியவர் டொரத்தி என்று முழுப்பெயரோடு.

எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். கொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே போய் நின்றேன்.

வீட்டில் கற்றலொக்கை மேசையில் வைத்தேன். ஸ்டெல்லா படித்தாள். "ரஸ்ரி எண்டா, அந்த நாயெல்லே?" என்றாள். ஓம் என்றேன். அவள் எழும்பிப் போய்க் கை கழுவி, எனக்குச் சோறு போட்டாள். அடுத்த ஞாயிறு கோயிலில் யாரோ கேட்டபோது, "அந்தப் பூ குளிருக்குச் செத்துப்போச்சுது," என்றாள். அவள் கோயிலுக்குள் நின்று பொய் சொன்னதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். எனக்காகச் சொன்னாள்.

டொரத்தியிடம் கேட்க எனக்குச் சித்திரை வரைக்கும் எடுத்தது. கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்தார். அத்தனை வருடச் சீட்டுகளும் வருடவாரியாக அதில் இருந்தன. தேடி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது யாருடைய கையெழுத்து?"

"என்னுடையது."

"கடைசியில் என்ன எழுத்து?"

நான் சீட்டின் ஓரத்தை விரலால் தடவினேன்.

"சீட்டைப் பார்த்துத்தான் ஐரிஸ் சங்கத்துப் பதிவுப் படிவத்தை நிரப்பினேன், ஜோ. எப்போதும் அப்படித்தான் செய்வது."

"மரியாதைக்காக எழுதினேன்," என்றேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"நான் கேட்டேனா?"

"அந்தத் திகதியைப் பாருங்கள். நீங்கள் முழங்கால் ஒப்பரேசனோடு வீட்டில்."

அவர் திகதியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சீட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "பதிவு போய்விட்டது. இனி மாற்ற முடியாது," என்றார். ஸ்டெல்லா என்ற பெயரைப் பற்றிக் கேட்டேன். "நல்ல பெயர் என்றுதானே சொன்னேன்," என்றார்.

பத்து வருடமாக என் கையெழுத்தில் உங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நாளாவது ஏன் என்று கேட்டீர்களா என்று நான் கேட்டிருக்கவேண்டும். அந்தக் கேள்வி எனக்கு வீட்டுக்கு வரும் வழியில், நெடுஞ்சாலையில்தான் வந்தது. திரும்பிப் போய்க் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, பண்ணை பார்க்க வந்த ஒரு ஐரிஸ் சங்கத்துக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார், பதிவில் பிழை இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் போட்டால் திருத்துவார்களாம். அதையும் நான் டொரத்தியிடம் கொண்டுபோகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மற்றப் பாதி பயம்கூட இல்லை, வெறும் பழக்கம்.

அந்த ஆனியில் டொரத்தி வழக்கம்போலப் பென்சிலை நீட்டினார். கை நடுங்குகிறது, என்னால் இனி ஏலாது என்றேன். என் கை நடுங்கவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் வேலை செய்தேன், ஒரு பூவைக்கூடச் சேர்க்கவில்லை. கையில் இன்னும் என்னவெல்லாம் இருந்தது என்று எனக்கு இப்போதும் தோன்றும். டொரத்தி ஏன் என்று கேட்கவே இல்லை. மற்றவர்கள் உண்டாக்கினதைப் பின்பக்கமாகப் போய் எண்ணி, தள்ளு அல்லது வை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

டொரத்தி இறந்து ஏழு வருடம். செத்தவீட்டில் ரஸ்ரி பூவைத்தான் சவப்பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று நானும் கும்பிட்டேன். பூ நன்றாகத்தான் இருந்தது.

இனிப் பேச்சுக்கு வருகிறேன். முப்பது பேர் இருந்தார்கள். ஸ்டெல்லா மூன்றாம் வரிசையில். ஐந்து வகைக்கும் காரணம் சொன்னேன். ஒடுங்கின முன்வளவுக்கு உயரம் குறைந்த அந்த வெளிர் நீலம், வெயிலுக்குக் கருகாத ஒரு கறுப்பு ஊதா, வீட்டுச் சுவரோரத்தில் நட ஒரு மஞ்சள், புழு கிட்ட வராத ஒரு வெள்ளை, படத்தில் அழகில்லாமல் நேரில் அழகான ஒரு இளஞ்சிவப்பு. பெயர்களைப் பவானி கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டிப் போடுவார்.

முடிந்ததும் பவானி போனைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அங்கிள், இந்த ரஸ்ரி எண்ட வெறைட்டி எப்பிடி? எந்த லிஸ்ற்றைப் பாத்தாலும் வருது. நீங்கள் சொல்லேல்லையே?"

"அது புதுசில்லைப் பிள்ளை. பதினாறு வருசம். நீங்கள் புதுசெல்லே கேட்டனீங்கள்."

அந்தச் சாக்குப்போக்கை வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் அவர் விடவில்லை. "பட், நல்லதோ கூடாதோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நல்லது. ஒன்பது மொட்டு. மழைக்கு விழாது. எந்தக் குளிரையும் தாங்கும். ஒரே ஒரு ஐரிஸ்தான் நட இடமிருக்கெண்டால் அதை நடுங்கோ."

"வாவ். அதை ஆர் உண்டாக்கினது? ஏதும் ஸ்ரோரி இருக்கோ?"

மூன்றாம் வரிசையில் ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"டொரத்தி எண்டு ஒரு மனுசி," என்றேன். "என்ரை பொஸ்ஸாய் இருந்தவ. நல்ல கெட்டிக்காரி."

எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்டெல்லாவும் தட்டினாள்.

காரில் விக்ரோரியா பார்க் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அவள் கேட்டாள். "அந்த மனுசி செத்து ஏழு வருசம். உங்களுக்கு இனி வேலை இல்லை, போறதுக்கு ஒண்டும் இல்லை. இண்டைக்கு ஆருக்குப் பயந்தனீங்கள்?"

விளக்குப் பச்சையாகியும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

ஆறு நாள் இருந்து இதை எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, குசினி மேசையில் வைத்து ஸ்டெல்லாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் ஆறுதலாகப் படித்தாள். நாய் செத்த இடத்தில் ஒரு தடவை நிறுத்தினாள். கடைசித் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அடியில என்ன எழுதியிருக்கிறியள்? 'ஓய்வு பெற்ற பண்ணைத் தொழிலாளி' எண்டு. உங்கட பேர் எங்கை?"

மலருக்கு அப்படிப் போட்டால் அடக்கமாக இருக்கும் என்றேன். அவள் தாளை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நான் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த வரியை வெட்டினேன். கீழே எழுதினேன்: ம. யோசேப்பு. ரஸ்ரி ஐரிஸை உண்டாக்கியவர்.

"பென்சிலாலயோ?" என்றாள்.

"மழைக்குக் கரையாது," என்றேன்.

"அழிறப்பருக்கு அழியும்," என்று சொல்லிவிட்டு, போய் ஒரு பேனையை எடுத்துக்கொண்டு வந்து தாளின் மேல் வைத்தாள்.